ஒலிவ நிழலும் மறைந்த மனிதரும்
எட்வேர்ட் லியரின் கிரேக்கத் தீவு ஓவியங்கள் பற்றிய சில கருத்துக்கள்

இயற்கைக் காட்சி ஓவியங்கள் குறித்து எம்மிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. மலையும் கடலும் மரமும் என்றுமுள்ளவை. ஆதலின் அவற்றைத் தீட்டும் ஓவியன் காலத்துக்கும் அரசியலுக்கும் அப்பாற்பட்டவன் என்பர் ஒரு சாரார். மக்கள் துயருற்ற காலத்தில் மரத்தை வரைந்தவன் மக்களை மறந்தவன். அவனை ஆராய்வது வீண் என்பர் மற்றொரு சாரார். முன்னையது தூய அழகியல்வாதிகளின் கூற்று. பின்னையது எம்மவரிற் சிலரின் அவசர முடிவு. இரண்டும் ஓவியத்தைக் கூர்ந்து நோக்காமலே தீர்ப்பளிப்பன. கிரேக்கத் தீவுகளை நீர்வர்ணத்தில் தீட்டிய ஆங்கில ஓவியர் எட்வேர்ட் லியரின் ஆக்கங்களைக் கொண்டு இப்பிரச்சினையை ஆராய்வோம்.

லியர் (1812–1888) எம் மாணவருக்குச் சிறுவர்க்கான வேடிக்கைப் பாடல்களின் ஆசிரியராகவே அறிமுகமானவர். ஆயின் அவர் தம்மை நிலக்காட்சி ஓவியராகவே கருதினார். நொடித்துப்போன குடும்பத்திற் பிறந்து, பதினைந்து வயதளவிலேயே படம் வரைந்து விற்றுப் பிழைக்கத் தொடங்கியவர் அவர். வாழ்நாள் முழுவதும் வலிப்பு நோயால் வருந்தியவர். 1848இல் முதன்முறையாகக் கோர்பூத் தீவை அடைந்தார். 1855இன் இறுதியில், அத்தீவுகளின் உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமனம் பெற்ற நண்பர் பிராங்ளின் லஷிங்டனுடன் மீண்டும் சென்றார். 1864 வரை பல குளிர்காலங்களை அவர் அங்கே கழித்தார். 1863 வசந்தத்தில் ஏனைய அயோனியத் தீவுகளையும் சுற்றிவந்து, அவ்வாண்டின் இறுதியில் 20 கல்லச்சுப் படங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். மறு ஆண்டு கிரீத் தீவில் ஏழு வாரங்கள் நடந்து திரிந்து வரைந்தார்.

அவருடைய வேலைமுறை கவனத்துக்குரியது. காட்சியின் முன்னிருந்து பென்சிலால் விரைந்து வரைவார். தாளின் ஓரத்தில் இடத்தின் பெயரையும், நாளையும், நேரத்தையும் குறிப்பார். பாறை, நிழல், புல் என ஆங்காங்கே சொற்களால் நிறங்களைக் குறித்து வைப்பார். பின்னர் விளக்கொளியிலிருந்து கோடுகளுக்கு மையூட்டி, மெல்லிய வர்ணக் கழுவலைப் பூசுவார். ஏதென்சிலுள்ள ஜெனாடியஸ் நூலகம் இத்தகைய வரைவுகளில் ஏறத்தாழ 200ஐப் பாதுகாத்து வருகின்றது.

இவற்றின் அழகை மறுப்பவர் கண்ணற்றவரே ஆவர். அசென்ஷன் என ஆங்கிலேயர் வழங்கிய குன்றுக் கிராமத்திலிருந்து கோர்பூக் கோட்டையை நோக்கும் காட்சியை அவர் திரும்பத் திரும்பத் தீட்டினார். முன்னணியில் முறுகித் திரண்ட ஒலிவ மரங்கள். அவற்றின் இடைவெளியிற் கோட்டை. அதற்கப்பால் ஒடுங்கிய கடல். கடலுக்கப்பால் அல்பேனிய மலைகள். தொலைவு செல்லச் செல்ல வர்ணம் நீர்த்து, இறுதி மலை தாளின் வெண்மையிற் கரைந்துவிடுகின்றது. மரத்தடியில் ஆட்டிடையரோ, நாட்டுடை அணிந்த பெண்களோ இருப்பர். பெரும்பாலும் அவர்கள் ஓய்ந்திருப்பர், அல்லது உரையாடிக்கொண்டிருப்பர்.

எமது வினா இங்கேதான் தொடங்குகின்றது. அந்த ஒலிவ மரங்கள் இயற்கையாய் முளைத்தவையல்ல. 1797 வரை கோர்பூவை ஆண்ட வெனிசியர் தமது எண்ணெய்த் தேவைக்காக ஊக்கப்பணம் கொடுத்து நடுவித்தவை அவை. நிலம் பெரிதும் நகரத்துப் பிரபுக்களின் கையில் இருந்தது; விளைவிற் பங்கும் தீராக் கடனும் குடியானவனின் கையில் இருந்தன. கோர்பூவில் ஒலிவ மரங்களைக் கத்தரிப்பதில்லை. வானளாவ வளர்ந்த மரங்களிலிருந்து உதிரும் காய்களைக் குளிர்காலம் முழுவதும் பெண்கள் குனிந்து பொறுக்கினர். லியர் அங்கு வாழ்ந்ததும் அதே குளிர்காலங்களிலேயே. அவர் போற்றிய மர நிழல் அப்பெண்களின் வேலைத்தலம். ஆயின் அவருடைய ஓவியங்களில் அவர்கள் முதுகு நிமிர்ந்தே இருக்கின்றனர்.

பழந்தமிழர் நிலத்தை நோக்கிய முறை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்குமிடத்து மரத்தையும் புள்ளையும் கூறிய அதே வரிசையில் மக்களின் தொழிலையும் வைத்தார். தொழிலை நீக்கினால் நிலம் முழுமையுறாது என்பது அதன் உட்கிடை. அவ்வளவுகோலால் அளப்பின், லியரின் தீவுகளில் மரமும் புள்ளும் உள, தொழில் இல்லை.

தொழில் மாத்திரமன்று, ஆட்சியும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1815 தொடக்கம் 1864 வரை ஏழு அயோனியத் தீவுகளும் பிரித்தானியரின் 'பாதுகாப்பில்' இருந்தன. லியர் முதன்முதலிற் கோர்பூவுக்குச் சென்ற 1848ஆம் ஆண்டிலேயே செபலோனியாத் தீவிற் கிளர்ச்சி மூண்டது. 1849இல் குடியானவர் மீண்டும் எழுந்தனர். உயர் ஆணையாளராயிருந்த சேர் ஹென்றி வோட் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். 21 பேர் தூக்கிலிடப்பட்டனர். மேலும் பலர் கசையடிக்கு ஆளாயினர். அயோனியத் தீவுகளின் பிரச்சினை பற்றிக் கார்ல் மார்க்ஸ் 1859இல் 'நியூயோர்க் டெய்லி ரிபியூன்' பத்திரிகையில் எழுதினார். லியர் செபலோனியாவுக்கு நூலுக்கான காட்சிகளைத் தேடிச் சென்றபோது தூக்குமரங்கள் நின்ற காலத்திலிருந்து 14 ஆண்டுகளே கழிந்திருந்தன.

வோட் என்ற பெயர் ஈழத்தவர்க்குப் புதிதன்று. கோர்பூவிலிருந்து நேரே இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்து 1855 தொடக்கம் 1860 வரை ஆண்டவர் அவரேயாவர். அவருக்கு முன்பே, 1805 தொடக்கம் 1811 வரை இங்கு தேசாதிபதியாயிருந்த தோமஸ் மெயிற்லண்ட் அயோனியத் தீவுகளின் முதலாவது உயர் ஆணையாளராகச் சென்றிருந்தார். ஏகாதிபத்தியத்துக்கு மத்தியதரைக் கடலும் இந்து சமுத்திரமும் ஒரே அலுவலகத்தின் இரு மேசைகள். வோட்டைக் குளங்களைத் திருத்தியவராகவும் புகையிரதப் பாதைக்கு அடிகோலியவராகவும் நாம் வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். அவை பொய்யல்ல. ஆயின் செபலோனியாவின் தூக்குமரங்களை நீக்கிவிட்டு அவரைக் காட்டும்போது, நாமும் ஆளற்ற நிலக்காட்சி ஒன்றைத் தீட்டுபவர்களாகின்றோம் அன்றோ?

இனி மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தூக்குமரத்தை ஏன் வரையவில்லை என ஒரு நிலக்காட்சி ஓவியரைக் கேட்பது இலக்கிய விமர்சனமும் அன்று, கலை விமர்சனமும் அன்று. யார் வாங்குவதற்காக, எத்தகைய நிலைமையில் அவர் வரைந்தார் என்று கேட்பதே எமது கடமை. லியர் செல்வந்தரல்லர். கோர்பூவில் அவருடைய படங்களை வாங்கியோர் பெரும்பாலும் பிரித்தானிய அதிகாரிகளும், படையினரும், வந்துபோகும் கனவான்களுமே. தாம் நலமே ஆள்வதாக நம்ப விரும்பிய அவர்களுக்கு, அமைதியான நாட்டின் அமைதியான காட்சிகள் தேவைப்பட்டன. 1863ஆம் ஆண்டளவில் லியர் 60 நீர்வர்ணப் படங்களை ஒருங்கே தயாரித்தார். தாள்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரு வர்ணம், பின்னர் எல்லாவற்றுக்கும் மறு வர்ணம் எனத் தீட்டிச் சென்றார். ஆலைத் தொழிலாளியின் வேலைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. அப்படங்களுக்குக் 'கொடுங்கோலர்' என்று அவரே பெயரிட்டார். தம்மை ஆட்டிப்படைப்பது சந்தை என்பதை அந்நகைச்சுவைப் புலவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதனாலேயே விற்பனைக்கெனத் தீட்டப்பட்ட முற்றிய படங்களைவிட, அவர் தமக்கென வைத்துக்கொண்ட வரைவுகளை நாம் உயர்வாக மதிக்கின்றோம். அவ்வரைவுகளில் வேலை மறைக்கப்படவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து நடந்த களைப்பும், மறையும் ஒளியைப் பிடிக்க ஓடிய கையும், மறந்துவிடுவோமோ என்ற அச்சத்திற் கிறுக்கிய சொல்லும் தாளிலே தெரிகின்றன. பொலிவை முடிந்த பொருளாகத் தராது, உழைப்பின் நிகழ்ச்சியாகத் தருகின்றன அவை. உழைப்பைத் தம் பொருளாக ஏற்காத ஓவியர், தம்மை அறியாமலே தமது உழைப்பைப் பதிவு செய்துவிட்டார்.

அவ்வுழைப்பு அவருடையது மாத்திரமன்று. சூலியர் மரபில் வந்த கோர்பூவாசி ஜோர்ஜியோ கொக்காலி 1856 தொடக்கம் 1883இல் இறக்கும் வரை 27 ஆண்டுகள் லியரிடம் பணிபுரிந்தார். பயணங்களில் உணவும் உறையுளும் பொதிகளும் அவருடைய பொறுப்பு. 1874இல் லியர் இலங்கைக்கு வந்தபோதும் அவர் உடன்வந்தார். இங்கே வயிற்றுளைவினால் நோயுற்றார். லியர் அவரிடம் மெய்யான அன்பு கொண்டிருந்தார். எனினும் தீவுக் காட்சிகளுக்கெல்லாம் துணைநின்ற அத்தீவு மனிதனின் கைகளை அக்காட்சிகளில் நாம் காண்பதில்லை.

1864இல் தீவுகள் கிரேக்கத்துடன் இணைந்தன. படையினர் வெளியேறினர், லியரும் வெளியேறினார். அவர் நீங்கிய பின்னும் கோர்பூவில் ஒலிவக் காய்கள் உதிர்ந்தன. பெண்கள் குனிந்து பொறுக்கினர். இன்று உல்லாசப் பயணிகளுக்காக அச்சிடப்படும் வண்ணத் தாள்களிலும் நீலக் கடலும் வெள்ளைச் சுவரும் உள. மீனவனும், விடுதியிற் படுக்கை விரிக்கும் பெண்ணும் இலர். லியரின் கோட்டில் இருந்த நேர்மை அவற்றில் இல்லை; அவருடைய படங்களில் இருந்த வெற்றிடம் மாத்திரம் எஞ்சியுள்ளது.

எனவே லியரைத் தள்ளிவிடுதல் எமது நோக்கமன்று. அவருடைய மலைகளை மாணவருக்குக் காட்டுவோம்; நீர்த்துச் செல்லும் அந்த நீலத்தைச் சுவைக்கக் கற்பிப்போம். அதே மூச்சில், இம்மரத்தை நட்டவர் யார், காயைப் பொறுக்கியவர் யார், எண்ணெயை விற்றவர் யார் எனக் கேட்கவும் கற்பிப்போம். அழகை அனுபவிக்கும் கண்ணும் இவ்வினாக்களைக் கேட்கும் அறிவும் ஒருவரிடமே அமைதல் கூடும். அவ்வாறு அமைந்தவரே நல்ல சுவைஞர்.