போர்க்கால நாவல்களில் தோட்டத் தமிழர்

1942ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜப்பானியப் படை மூவார், பத்து பஹாட், குளுவாங் ஆகிய ஊர்களைக் கைப்பற்றி ஜொகூரைக் கடந்தது. அத்திங்களின் இறுதியில் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் ஒதுங்கி, ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தது. அதன்பின் வந்த மூன்றரை ஆண்டு வாழ்வைத் தமிழ் நாவல் எவ்வாறு கண்டது என்பது ஆராய்தற்குரியது.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' 1959இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972இலும் வெளிவந்தன. இரண்டும் பினாங்கு, மேடான் நகரங்களின் வணிகத் தமிழரைப் பற்றியவை. முன்னதில் செல்லத்துரை இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைக்கு ஆகான் எனக் கருதும் முதலாளி வானாயினா, தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். போர் இளைஞனை மாற்றியது; பெட்டியடியின் சட்டத்தை மாற்றவில்லை. இதனைக் கண்டு சொன்னதே சிங்காரத்தின் திறம்.

ஆயினும் செல்லத்துரையும் பாண்டியனும் தாமே விரும்பிப் படைக்குச் சென்றவர்கள். தோட்டத் தமிழனுக்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. தண்டவாளங்கள் இணைந்தது 1943 அக்டோபரில், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வந்தது 1993இல். இடையே ஐம்பது ஆண்டுகள்! கடைப் பையனுக்குப் பேரேடு எழுதும் பயிற்சியேனும் இருந்தது. லயத்து மனிதனின் துயரமோ நெடுங்காலம் வாய்மொழியாகவே நின்றது.

இரயில் பாதை பற்றிய கதைகளைப் படிப்போர் ஜப்பானியனின் அடியையும் உதையையும் மட்டுமே நினைவில் கொள்வதுண்டு. அது போதாது. கித்தாவை விற்று அரிசி வாங்கிய நாடு மலாயா. கித்தாவை வாங்கிய பிரிட்டனும் அமெரிக்காவும் எதிரணியில் நின்றன. எனவே பாலுக்கு விலையில்லை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது அருகியது. வாழை மரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில் கூலியும் அரிசியும் தருவதாகச் சொன்னால் லாரியில் ஏறாதவர் யார்? ஆசை காட்டியும் ஆள் கிடைக்காதபோதே பலாத்காரம் வந்தது. ஆகவே, சயாமுக்கு வழி திறந்தது பசியே எனலாம்.

இக்காரணத்தால் அ. ரெங்கசாமியின் இரு நாவல்களைச் சேர்த்துப் படித்தல் நன்று. 'நினைவுச்சின்னம்' சயாம் சென்றோரின் கதை. 'புதியதோர் உலகம்' ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்து மக்கள் பட்ட பாட்டைக் கூறுவது. ஒன்றின் காரணம் மற்றொன்றில் விளங்கும்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பலருக்குப் பெயரெழுதிய கல் ஒன்றும் இல்லை. அவர்களை அறிய மாணவனுக்கு இந்நாவல்களே துணை. இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், யார் அடித்தான் என்பதோடு நில்லாமல், அந்த வீட்டில் அன்று உலையில் என்ன இருந்தது என்றும் கேட்டல் வேண்டும்.