நெசவாளியின் கடைசி மேலாடை

கி.மு. 399இல் ஏதென்ஸ் சிறையில் சாக்ரடீஸ் நஞ்சருந்திய நாளைச் சொல்லும் பிளேட்டோவின் ‘ஃபீடோ’, ஆன்மா அழியாதது என்று நிறுவ நான்கு வாதங்களை அடுக்குகிறது. முதல் மூன்றில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. கற்பதெல்லாம் முன்பே அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்ற வாதத்தையே எடுத்துக்கொள்வோம். அதை ஏற்றாலும், பிறப்புக்கு முன் ஆன்மா இருந்தது என்றுதான் ஆகும். இறந்தபின்னும் இருக்கும் என்று ஆகாது. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டுபவர்கள் எதிரிகள் அல்லர், சாக்ரடீஸின் அருகிலிருக்கும் தீப்ஸ் நகரத்து நண்பர்கள் சிம்மியாஸும் கேபஸும்தான்.

இன்னும் சில மணி நேரத்தில் சாகப்போகிறவரிடம் அவர்கள் தயங்கித் தயங்கியே கேட்கிறார்கள். யாழ் உடைந்தால் அதன் சுருதியும் போய்விடுகிறதே, ஆன்மாவும் உடலின் சுருதிதானோ என்கிறார் சிம்மியாஸ். கேபஸின் கேள்வி இன்னும் கூரியது. ஒரு நெசவாளி வாழ்நாளில் பல மேலாடைகளை நெய்து உடுத்திக் கிழிக்கிறான். ஆனால் கடைசி மேலாடை அவனுக்குப் பின்னும் கிடக்கிறது. ஆன்மாவும் பல உடல்களைக் கடந்து, இறுதியில் ஓர் உடலோடு தேய்ந்து போகலாம் அல்லவா?

இதற்கான பதில்தான் நான்காவது வாதம். பனி வெப்பத்தை ஏற்காது. வெப்பம் நெருங்கினால் விலகும், இல்லையேல் அழியும். உயிரைக் கொண்டுவரும் ஆன்மாவும் அப்படியே சாவை ஏற்காது என்கிறார் சாக்ரடீஸ். இதிலிருந்து கிடைப்பது ‘செத்த ஆன்மா’ என ஒன்று இருக்க முடியாது என்பது மட்டுமே. சூடான பனி என ஒன்றும் கிடையாது. ஆனாலும் பனி உருகி இல்லாமல் போகிறது. சாவை ஏற்காதது அழியவும் அழியாது என்பதைத் தனியாக நிறுவியிருக்க வேண்டும். அந்த இடத்தை வாதம் நிரப்பவில்லை, கேபஸின் தலையசைப்பு நிரப்புகிறது. இத்தனை கறாராகக் கேட்டவர் இங்கே இவ்வளவு எளிதில் இசைந்துவிடுவதுதான் நூலின் பெரிய பலவீனம்.

நிரூபணமாக ‘ஃபீடோ’ தோற்கிறது என்றே நான் கருதுகிறேன். அப்படித் தீர்ப்பளிக்கத் தேவையான கருவிகளையும் அதுவேதான் தருகிறது. தன் கொள்கைக்கு எதிரான வலுவான கேள்வியை நீர்த்துப்போகச் செய்யாமல் முழு பலத்தோடு எழுதிவைக்கும் இந்தத் துணிவைப் பிற்காலத்து எத்தனையோ ஆன்மா விளக்கங்களில் காண முடிவதில்லை. வாதம் முடிந்த பிறகும், மனித அறிவின் எல்லையை எண்ணும்போது தனக்குள் கொஞ்சம் ஐயம் எஞ்சியிருக்கிறது என்கிறார் சிம்மியாஸ். சாக்ரடீஸ் அதை மறுக்கவில்லை. தொடக்கத்தில் ஏற்றுக்கொண்ட எடுகோள்களையே இன்னும் தெளிவாக ஆராயுங்கள் என்று சொல்கிறார்.