காமராஜரைக் கோப்பில் தேடுகிறவர்கள்

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது நல்ல செய்தி. நாவலையும் கவிதையையும் தேடிப்போய்ப் பழகிய விருது, காப்பகங்களில் உட்கார்ந்து எழுதிய வரலாற்று நூலின் வாசலுக்கு வந்தது. ஆனால் அந்தப் பாராட்டோடு ஒரு வாதமும் ஒட்டிக்கொண்டது. தலைவர்களைப் பற்றி எழுதுவதென்றால் இனி இப்படித்தான் எழுத வேண்டும். கடிதமோ கோப்போ கையில் இருந்தால் பேசு, இல்லாவிட்டால் வாயைத் திறக்காதே என்பது அந்த வாதம். வ.உ.சி.க்குப் பொருந்திய அளவுகோலைக் காமராஜர் மீதும் வைத்துப் பார்க்கும் ஆர்வம் இப்போது வளர்கிறது. நாஞ்சில் நாட்டிலிருந்து பார்க்கும்போது இது பெரும் பிழையாகப் படுகிறது.

ஆவணம் செய்த நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. வ.உ.சி.க்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை வைத்து வேங்கடாசலபதி எழுதிய ‘347 ரூபாய் 12 அணா’ நூலை நாகர்கோவிலின் காலச்சுவடு வெளியிட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்கென்று திரட்டிக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்ற பழைய சர்ச்சையை அந்தக் கடிதங்கள்தான் தெளிவாக்கின. மேடைப்பேச்சு ஆயிரம் கேட்டாலும் அந்தத் தெளிவு வந்திருக்காது.

அமெரிக்காவில் நடந்ததும் அப்படித்தான். ஐசனோவர் அதிபராக இருந்தபோது ஆட்சியைப் பிறர் கையில் விட்டுவிட்டுக் கோல்ஃப் ஆடுகிறவர் என்றே பலர் எண்ணினார்கள். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்த ஃபிரெட் கிரீன்ஸ்டைன் 1982இல் எழுதிய நூல் அந்தச் சித்திரத்தைத் தலைகீழாக்கியது. வெளியே சும்மா இருப்பதுபோல் தெரிந்தவர் உள்ளே எல்லாவற்றையும் நகர்த்திக்கொண்டிருந்தார் என்பது காகிதங்களில் தெரிந்தது. காப்பக வழிக்கு இதைவிடப் பெரிய வெற்றி சொல்ல முடியாது.

ஆனால் அந்த வெற்றிக்குக் காரணமாக இருந்தவர் ஆன் விட்மன் என்ற செயலாளர். ஐசனோவர் சொன்னதையும் எழுதியதையும் சளைக்காமல் சேர்த்துவைத்தவர் அவர். ஐசனோவரின் கை திரைக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அந்தக் கை எழுதியது. காமராஜரின் கையும் திரைக்குப் பின்னால்தான் இருந்தது. அது எழுதவில்லை. காப்பக வாதம் இடறி விழும் இடம் இதுதான்.

1963இன் காமராஜ் திட்டத்தையே பார்க்கலாம். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அந்தத் திட்டத்தில் ஆறு முதலமைச்சர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினார்கள். யோசனை யாருடையது, காமராஜருடையதா நேருவுடையதா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நேரு 1947 முதல் 1963 வரை முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்கள் மட்டும் அச்சில் ஐந்து தொகுதிகள். மற்ற எழுத்துகள் தனி வரிசையாக நீள்கின்றன. அந்தப் பக்கம் ஒரு நூலகமே நிற்கிறது. இந்தப் பக்கம், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆளை நேரில் பார்த்துப் பேசியே காரியம் முடித்த ஒருவர். கடிதத் தொகுதிகளை மட்டும் புரட்டுகிறவருக்கு நேரு சிந்திப்பவராகவும் காமராஜர் செய்து முடிப்பவராகவும் தெரிவதில் வியப்பில்லை. காகிதம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமே மூளையும் இருந்தது என்று தீர்ப்பாகிவிடுகிறது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் முக்கியமானது. 1964 மே 27 அன்று நேரு இறந்தார். ஜூன் 2 அன்று லால் பகதூர் சாஸ்திரி நாடாளுமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவராகத் தேர்வானார். நடுவில் இருந்த அந்தச் சில நாட்களில் காங்கிரஸ் தலைவர் காமராஜர் முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் மூத்தவர்களையும் பார்த்து ஒவ்வொருவரின் மனத்தையும் கேட்டறிந்தார். மொரார்ஜி தேசாயை மனம் மாற்றிப் போட்டியே இல்லாமல் காரியத்தை முடித்தார். காங்கிரஸ் தலைவராக அவர் செய்த மிகப் பெரிய காரியம் இது. இதற்குக் கடிதம் எங்கே இருக்கும்? ஓர் அறையில் இருவர் உட்கார்ந்து பேசியதற்கு எந்தக் கோப்பு? கனடாவைச் சேர்ந்த மைக்கேல் பிரெச்சர் அந்த வாரிசுத் தேர்வைப் பற்றி 1966இல் நூல் எழுத முடிந்ததென்றால், சம்பந்தப்பட்டவர்களை நேரில் கண்டு கேட்டதே காரணம். கடிதத்துக்காகக் காத்திருந்தால் அந்த நூல் பிறந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு வரும். கட்சி விவகாரம் வாய்வார்த்தையில் நடக்கலாம், அரசாங்கம் அப்படியல்ல. ஒன்பதாண்டு முதலமைச்சரின் ஆட்சி முழுவதும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறதே என்பார்கள். கிடக்கிறதுதான். ஆனால் அரசுக் கோப்பு எப்படி உருவாகிறது என்று தெரிந்தவருக்கு அது போதாது என்பதும் தெரியும். கீழே எழுத்தர் குறிப்பு எழுதுவார். அது படிப்படியாக மேலேறிச் செயலாளரிடம் போகும். கடைசியில் அமைச்சரின் கையெழுத்து. ஓர் ஊரில் காரை நிறுத்தி மக்களிடம் விசாரித்த முதலமைச்சர், அதிகாரியைக் கூப்பிட்டு இதைச் செய்ய வழி பாருங்கள் என்று சொன்னால், மறுவாரம் கோப்பில் அது அதிகாரியின் பரிந்துரையாகத்தான் ஏறும். தொடங்கிவைத்தவர் கோப்பின் கடைசியில் ஒப்புதல் கொடுப்பவராகிறார். மதிய உணவுத் திட்டம் எப்படி உருப்பெற்றது என்பதை அன்றைய கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு தம் தன்வரலாற்றில் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் அந்தப் பேச்சுகளெல்லாம் அரசாணை எண்ணாகச் சுருங்கியிருக்கும்.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இதைப் புரியவைக்க மாத்தூர் தொட்டிப்பாலம் ஒன்றே போதும். பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு மலையிலிருந்து மறுமலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் அந்தப் பாலம், கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் வறண்ட மேட்டுநிலங்களுக்காகக் கட்டப்பட்டது. திட்டம் காமராஜர் ஆட்சியில் கருக்கொண்டது. அறுபதுகளின் நடுவில் வேலை முடிந்தபோது முதலமைச்சர் பக்தவத்சலம். மதிப்பீட்டையும் ஒப்பந்தத்தையும் பார்த்தால் அது பொறியாளர்களின் பாலம். நிறைவு பெற்ற தேதியைப் பார்த்தால் பக்தவத்சலத்தின் பாலம். திருவட்டாறு பக்கம் கேட்டால் காமராஜர் கட்டின பாலம் என்றுதான் சொல்வார்கள். இதைப் பக்தி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சென்னை மாநிலத்தோடு புதிதாக வந்து சேர்ந்த ஒரு மாவட்டத்தின் கடைக்கோடிக்குத் தண்ணீர் போயாக வேண்டும் என்று முடிவெடுத்த விருப்பம் யாருடையது என்பது தலைமையைப் பற்றிய கேள்வி. அந்தக் கேள்விக்கு ஊர்க்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். கோப்புக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

நினைவு பொய் சொல்லாதா? சொல்லும். ‘மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கு’ என்று கேரளத்துக்குப் போன தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் விஷயத்தில் காமராஜர் கைவிரித்ததாகச் சொல்லும் கதை இந்த மாவட்டத்தில் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக உலவுகிறது. எங்கே, எப்போது, யாரிடம் சொன்னார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஆவண ஆய்வாளர் இதைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் காகிதம் இல்லாத இடத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். கடிதம் ஒன்றும் இல்லை, ஆகவே அவர் அப்படிச் சொல்லவில்லை என்கிறது ஒரு தரப்பு. கடிதம் ஒன்றும் இல்லை, ஆகவே அந்த வட்டங்களுக்காக அவர் வாதாடவே இல்லை என்கிறது மறுதரப்பு. ஒரே வெற்றுக் கோப்பு இரண்டு பேருக்கும் சாட்சி சொல்கிறது. எழுதாத மனிதரிடம் எழுத்துச் சான்று கேட்டால் கடைசியில் கிடைப்பது கேட்கிறவரின் முன்முடிவு மட்டுமே.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக இருந்த மார்ஷல் நேசமணி வழக்கறிஞர். அதனால் அவர் நிலைமை சற்று மேல். அவருடைய நாடாளுமன்றப் பேச்சுகள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால் 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, பயந்து சிதறிய கிராமங்களைத் தமிழகத்தோடு இணையக் கோரிய இயக்கம் மறுபடி எப்படித் திரட்டியது? அந்தச் சூட்டுக்காகத் திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்ட தம் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை அரசு பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தே கேட்ட சோசலிசத் தலைவர் லோகியாவின் நிலைப்பாடு இந்திய சோசலிச வரலாற்றில் ஏறிவிட்டது. விளவங்கோட்டில் வீடுவீடாகப் போனவர்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. போலீஸ் ஆவணம் அவர்களைக் கலவரக்காரர்களாகப் பார்த்தது. அதைத் தாண்டி வேறு காகிதத்தில் அவர்களைத் தேடுவது வீண்வேலை.

காகிதத்தை மதிக்கிற அதே கவனத்தோடு வாய்மொழியையும் சேகரிக்கலாம். எங்கே, யார், எந்தத் தேதியில் சொன்னது என்று குறித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒத்துப்பார்த்துப் பதிவு செய்யலாம். நாகர்கோவில் கல்லூரிகளில் வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன. 1967இல் விருதுநகரில் தோற்ற காமராஜரை, நேசமணி மறைவால் வந்த இடைத்தேர்தலில் 1969 ஜனவரியில் நாகர்கோவில் தொகுதிதான் டெல்லிக்கு அனுப்பியது. 1971இலும் அனுப்பியது. அன்று அவருடன் ஊர் ஊராகப் போனவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். அந்த இடைத்தேர்தலில் வாக்களிக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்போது முதல் ஓட்டுப் போட்டவர்களுக்கே இப்போது எழுபத்தேழுக்கு மேல் ஆகிறது.