அழைக்கும் சொல்லும் அகத்து வாழ்வும்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விளித்தலுக்கென ஓர் இயலையே வகுத்தார். விளிமரபு என்பது அதன் பெயர். எப்பெயர் விளியேற்கும், எப்பெயர் ஏலாது, ஏற்குங்கால் ஈறு எவ்வாறு திரியும் என்பனவற்றை அவ்வியல் விரித்துரைக்கின்றது. ஒருவரை அழைக்கும் சொல்லுக்கு இலக்கண ஆசிரியர் இத்துணை இடம் அளித்தார் எனின், அது மொழியில் சிறு பொருளன்று என்பது பெறப்படும். அதிலும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அழைக்கும் சொல், அவ்வில்லத்தின் உள்ளமைப்பையே காட்டிவிடும் தன்மையது. ஆயின், மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளிலும் மாணவர் எழுதும் கதைகளிலும் பெரிதும் கவனமின்றி எழுதப்படும் சொல்லும் இதுவேயாகும்.

தோட்டப்புறக் கதையொன்றைப் படிப்பவர் பலமுறை கண்டிருக்கக்கூடிய காட்சி இது. விடியலில் பால்மரம் சீவச் சென்ற கணவன் நண்பகலில் லயத்திற்குத் திரும்புகிறான். வாசலில் நின்றபடி, “ஆருயிரே!” என்கிறான். “வந்துவிட்டீர்களா அத்தான்?” என்று உள்ளிருந்து மறுமொழி வருகிறது. மரத்தின் பட்டையையும் வாளியின் எடையையும் உள்ளவாறே எழுதிய அதே எழுத்தாளர், வாய் திறந்தவுடன் அவ்விருவரையும் நாடக மேடையில் ஏற்றிவிடுகிறார். அத்தான் என்பது சில குடும்பங்களில் உண்மையாகவே வழங்கும் உறவுச்சொல்தான். ஆனால் 1950, 1960ஆம் ஆண்டுகளின் திரைப்படங்கள் அதனை எல்லாக் காதலர்க்கும் பொதுவாக்கின. திரையிலிருந்து இறங்கிய அச்சொல் கதையில் குடியேறியது. “என்னங்க”, “இந்தாங்க”, “ஏ புள்ளே”, “பெரியவனோட அப்பா” என்று லயங்களில் உண்மையாய் ஒலித்த சொற்கள் எழுத்தில் இடம் பெறாமற் போயின.

இலக்கியம் என்பது வழக்கினும் உயர்ந்த மொழியில் அமைய வேண்டாவா என வினவுவோர் உளர். அவ்வினாவிற்குச் சங்க இலக்கியமே விடை தருகிறது. அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய மரபு. ஆகவே தலைவி தன் தலைவனைப் பெயரால் அழைப்பதில்லை. அவன் வாழும் நிலத்தால் அழைக்கிறாள். குறிஞ்சியில் அவன் வெற்பன், சிலம்பன். மருதத்தில் ஊரன், மகிழ்நன். நெய்தலில் சேர்ப்பன், துறைவன், கொண்கன். பரத்தையிற் பிரிந்தவனை ‘ஊர’ என்று அழைக்கும்போது, வயலும் பொய்கையும் அவ்வூரின் வளமும் அவன் பிழையும் ஒருங்கே அவ்வொரு சொல்லில் வந்து நிற்கின்றன. உயர்ந்த இலக்கியம் தன் விளிச்சொல்லைத் தன் காலடி மண்ணிலிருந்தே எடுத்தது என்பது இதனால் தெளிவு. தோட்டத்து மாந்தரைப் படைப்போர் தோட்டத்துச் சொல்லை விடுத்து வேறிடத்துச் சொல்லை நாடுவது மரபைப் போற்றுதலாகாது, மரபினின்று விலகுதலேயாம்.

இதனால் புனைந்துரைத்து அழைக்கும் சொற்கள் யாவும் பொய்யென்று கொள்ளுதல் கூடாது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியை இருமுறை அவ்வாறு அழைக்கிறான். மனையறம்படுத்த காதையில், மணவாழ்வின் தொடக்கத்தில், பொன் என்றும் முத்து என்றும் கரும்பு என்றும் தேன் என்றும் அடுக்குகிறான். அடுத்த காதையிலேயே மாதவிபால் சென்றுவிடுகிறான். கொலைக்களக் காதையில், மதுரை ஆயர்சேரியில், அவள் சமைத்த உணவை உண்டபின், தான் இழைத்த தீங்கையெல்லாம் எண்ணி வருந்தி, மீண்டும் அழைக்கிறான். அங்கும் பொன் என்னும் சொல் வருகிறது. சொல் ஒன்றே, எடை வேறு. முன்னது அவள் அழகைக் கண்டு பிறந்தது. பின்னது, எழுக என்றவுடன் எழுந்து தன்னுடன் நடந்துவந்து தன் துயர் களைந்தவளை அறிந்தபின் பிறந்தது. இடையில் வாழ்க்கை நிகழ்ந்திருக்கிறது. கதையின் முதல் வரியிலேயே ஆருயிரே என்று எழுதுவோர் மறந்துவிடும் உண்மை இதுவே. அத்தகைய சொல்லைக் கதை மாந்தர் ஈட்டியாக வேண்டும்.

இனி, அழைக்கும் சொல்லை விடுத்துப் பிறரிடம் சுட்டும் சொல்லை நோக்கலாம். இல், மனை என்னும் சொற்களினின்று இல்லாளும் மனைவியும் பிறந்தனர். இல்லாள் என்பதற்கு ஆண்பாலாக இல்லான் என்று அமைத்தால், பொருள் இல்லாதவன், வறியவன் என்றே மொழி பொருள் தருகிறது. வீட்டைப் பெண்ணுக்கு மட்டும் உரியதாக்கிய வழக்கின் சுவடு அது. திருவள்ளுவர் வாழ்க்கைத் துணை என்னும் அரிய தொடரை ஆண்டார். அதனை இருவருக்கும் இன்று பொதுவாக வழங்கலாம். ஆயினும் அது பேச்சில் எளிதாய்ப் புகவில்லை. எழுத்து மொழி வீட்டைக் கொண்டு இணையாக அமைக்காத சொல்லைப் பேச்சுமொழி அமைத்துக்கொண்டது: வீட்டுக்காரர், வீட்டுக்காரி. இருபாலுக்கும் ஒரே பகுதி, ஒரே உரிமை.

இச்சொல் மலேசியத் தோட்டங்களில் பெற்ற பொருளாழம் தனியே ஆராயத்தக்கது. வீட்டுக்காரர் என்பது வீட்டுக்கு உரிமையாளர் என்னும் பொருளையும் உடையது. ஆனால் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்திற்கு உரியது. வேலை உள்ளவரையில் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் தோட்டத் துண்டாடல் பெருகிப் பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குதற்கென 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கும் இத்துயரமே காரணம். அக்காலத்துத் தோட்டப் பெண்ணொருத்தி கிராணியிடம், “எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்” என்று கூறுவாள். சொந்தமாய் ஒரு செங்கல்லும் இல்லாத மனிதனை வீட்டுக்கு உரியவனாக்கியது அவளுடைய சொல் ஒன்றே. தட்டுமுட்டுப் பொருள்களை லாரியில் ஏற்றி லயத்தைக் காலி செய்யும் நாளில் அவள் அதே சொல்லைக் கூறுவதாக ஓர் எழுத்தாளர் எழுதினால், பத்துப் பக்க வருணனை செய்யாததை அது செய்துவிடும். அவ்விடத்தில் ‘என் கணவர்’ என்று திருத்துவது பிழை நீக்கமன்று. கதையின் உயிரை நீக்குவதாகும்.

உறவுச்சொற்களுக்கும் இவ்வாறே பின்புலம் உண்டு. மலாய் மனைவியர் கணவனை அபாங் என்று அழைக்கின்றனர். அது மூத்த உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல். தமிழ் மனைவிக்கு அண்ணன் என்னும் சொல் அவ்வாறு பயன்படாது. மாமா, மச்சான், அத்தான் என்பனவே பயன்படும். அவை மணவுறவு கொள்ளத்தக்க முறையினரைக் குறிப்பவை. அண்டை வீட்டார் மொழியோடு ஒப்பிட்டுக் காட்டினால், தம் மொழியின் உறவு ஒழுங்கை மாணவர் எளிதில் உணர்வர்.

வழக்குச் சொற்களைப் போற்றுதல் வழக்கிலுள்ள குறைகளையும் போற்றுதலாகிவிடக் கூடாது. மனைவி “என்னங்க” என்கிறாள். கணவன் “ஏய்” என்கிறான். மரியாதை ஒருவழிப் பாதையாயிற்று. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்னும் நம்பிக்கையால், மருத்துவமனையில் பதிவு செய்பவர் கணவன் பெயரைக் கேட்கும்போது, உடன் வந்த பிள்ளையைச் சொல்லச் செய்த தாய்மார் பலர். இவ்வேற்றத்தாழ்வை மறைத்து, இருவரும் “அன்பே” என்று மாறிமாறிக் கொஞ்சுவதாக எழுதும் கதை, குறையைத் தீர்ப்பதில்லை, மூடிவைக்கிறது. உள்ளதை உள்ளவாறு எழுதினால்தான் அதனை மாற்றும் வேட்கை படிப்பவர் உள்ளத்தில் எழும்.

இங்கும் கண்ணகியே வழிகாட்டுகிறாள். பாண்டியன் அவையில், யார் நீ என்று வினவப்பட்டபோது, கொலையுண்ட கோவலனின் மனைவி என்று அவன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லி, அதன் பின்னரே தன் பெயரைச் சொல்கிறாள். கள்வன் என்று அரசு சுமத்திய சொல்லை நீக்கி, அவனுக்குரிய பெயரை அவைநடுவே மீட்டுத்தரும் செயல் அது. ஒரு பெயரைச் சொல்வதே ஒரு காப்பியத்தின் உச்சமாக இயலும் எனின், வாழ்நாளெல்லாம் கணவன் பெயரைச் சொல்லாத தோட்டத்துப் பெண் முதன்முறையாய் அதனைச் சொல்லும் கணம் எத்துணைச் சிறந்த சிறுகதையாகும்! எழுதுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ என்னும் சிறுகதை மனைவியின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. துணிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை நோயுற்ற மனைவிக்குச் செய்யும் பணிவிடையில்தான் அக்கதையின் அன்பு முழுவதும் தங்கியிருக்கிறது. அன்பின் சுமையைச் செயல் தாங்கும்போது, இயல்பான சொல்லே போதுமானதாகிவிடுகிறது.

தமிழாசிரியர் கையிலுள்ள சிவப்பு மைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. கதை கூறும் நடையில் கணவர் என்றும் மனைவி என்றும் மாணவர் எழுதப் பழக்குதல் கடமையே. ஆனால் உரையாடலில், “எங்க வீட்டுக்காரரு” என்று தன் தாயின் குரலை ஒரு மாணவி எழுதிவைத்தால், அதனை அடித்துவிட்டு நூற்சொல்லை மேலே எழுதுவதற்கு முன் ஆசிரியர் சற்றே நிற்றல் வேண்டும். அந்தக் கோடு ஒரு சொல்லின்மீது மட்டும் விழுவதன்று. தன் வீட்டில் ஒலிக்கும் தமிழ் இலக்கியத்திற்கு ஆகாத தமிழ் என்னும் தீர்ப்பாக அது அம்மாணவியின் நெஞ்சில் பதியும். அவ்வாறு பதிந்தபின் அவள் எழுதும் கதைகளில் அவளுடைய தாய் பேசமாட்டாள்.