மேலாளரைப் பற்றி எல்லோரிடமும் கேட்பது

கோபக்கார மேலாளர் தன் மேலதிகாரியிடம் கோபப்படுவதில்லை. அவர் சீறுவது கீழே வேலை செய்பவர்களிடம். இழுத்தடிப்பது பக்கத்துத் துறைக்காரர்களிடம். மேலதிகாரி ஒருவரே மதிப்பெண் போடும் பழைய முறையில் இந்த முகங்கள் பதிவாவதே இல்லை. அதனால்தான் மேல், கீழ், பக்கம் என எல்லாத் தரப்பிலும் கருத்துக் கேட்கும் '360 டிகிரி' முறை அடிப்படையில் நியாயமானது. ஒருவர் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்பதற்கு, தினமும் அவரோடு மல்லுக்கட்டுபவர்களே சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சிகளை எண்களாக மாற்றும்போது சிக்கல் தொடங்குகிறது. ஸ்கல்லன், மவுண்ட், காஃப் ஆகிய ஆய்வாளர்கள் 4,492 மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களை அலசி, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண்களில் இருந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல், மதிப்பிட்டவர்களின் தனிப்பட்ட போக்கிலிருந்து வந்தது. தாராள மனசுக்காரர் ஐந்து போடும் இடத்தில் கறாரானவர் மூன்று போடுவார். "கூட்டத்தில் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை" என்ற ஒற்றை வரி தரும் தெளிவை 3.4 என்ற சராசரி தராது.

அடுத்தது பயம். பெயர் வெளியே வராது என்று உறுதி தருகிறார்கள். ஆனால் மூன்று பேர் கொண்ட குழுவில் எழுத்து நடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதே கருத்துதான் சம்பள உயர்வையும் பதவியையும் தீர்மானிக்கும் என்றால், இளகிய மனதுக்காரர் மழுப்புவார். பகை வைத்திருப்பவர் கணக்குத் தீர்ப்பார்.

மத்திய அரசின் உயர் பதவிகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதில் இம்முறை நுழைந்தபோதும் இதையொத்த குறை எழுந்தது. இம்முறை வெளிப்படையாக இல்லை, முறைசாரா வழியில் கருத்துப் பெறுவதால் திரிக்கப்பட இடமிருக்கிறது என்று 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. அரசு ஊழியரின் ரகசியக் குறிப்பேட்டிலுள்ள ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008லேயே தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த நியாயம் இங்கும் பொருந்தும். சொன்னவர் யார் என்பதை மறைக்கலாம்; சொன்னது என்ன என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையை முடிவுசெய்யக் கூடாது.

கருத்தைத் திரட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. வாக்கர், ஸ்மிதர் இருவரும் 252 மேலாளர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிடைத்த கருத்துகளைத் தம் குழுவினரோடு உட்கார்ந்து பேசியவர்களே மற்றவர்களைவிடக் கூடுதலாகத் திருந்தினார்கள்.

ஆகவே இம்முறையைப் பதவி உயர்வுக் கோப்பிலிருந்து பிரித்து, மேலாளரின் கையிலேயே கொடுக்க வேண்டும். "நீங்கள் சொன்னதைப் படித்தேன், இதை மாற்றிக்கொள்கிறேன்" என்று அவர் தன் குழுவின் முன் சொல்லும் நாளில்தான் கேட்டதற்குப் பயன் கிடைக்கும்.