கணக்குக் காட்டாதவனின் மருமகன்

உத்திரமேரூரில் அம்மா குடியிருக்கும் வீட்டில் போர்டிகோ தளம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் கூடத்துக்கு வருகிறது. ஒருநாள் அம்மா வழுக்கி விழுந்து, நல்லவேளை, வளையல் மட்டும் உடைந்தது.

ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன். 'ரெண்டே நாள் வேலை சார்' என்றார். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'தளம் சரி செய்ய' என்று ஒரு வரி, கீழே தொகை. முக்கால் பணம் அட்வான்ஸ். பழைய தளத்தின் மேலேயே கலவை போட்டு மெழுகிவிட்டுப் போனார். அடுத்த மழையில் அதுவும் சேர்ந்து இறங்கியது. போன் எடுக்கவில்லை.

இறங்கியது கான்கிரீட் அல்ல, அடியில் இருக்கும் மண். பேஸ்மட்டத்துக்குள் கொட்டுகிற மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மூடினால், நாம் செய்யாத வேலையை மழை பொறுமையாகச் செய்யும். அமெரிக்காவில் தளத்தில் துளை போட்டு அடியில் சேற்றுக் குழம்பையோ பாலியூரித்தேன் நுரையையோ செலுத்தித் தூக்குகிறார்கள். நமக்கு உடைத்து, இடித்து, மறுபடி போடுவதுதான் வழி.

கோபம் ஆற வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போய் அந்தப் பிரசித்தமான கல்வெட்டின் முன்னால் நின்றேன். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள். ஜனநாயகம் என்று மேடையில் பேசுபவர்கள் எல்லாரும் இதைத் தொடாமல் விடுவதில்லை. நான் அன்றைக்கு இதை ஒரு காண்ட்ராக்ட் பத்திரமாகப் படித்தேன். அப்படிப் படித்தால்தான் இதன் எழுத்து புரிகிறது.

அலங்காரம் கிடையாது. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீடு (வீடு கட்டியவனுக்கு ஏமாற்றத் தெரியாவிட்டாலும் ஏமாந்த அனுபவம் இருக்கும் என்று நினைத்தார்களோ!). ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவி 360 நாள். தப்புச் செய்தால் உடனே நீக்கம். எல்லாவற்றுக்கும் மேல், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமா? பெரியம்மா, சித்தி பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமனார், மைத்துனன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. இந்தப் பட்டியலைக் கற்பனையில் எழுத முடியாது. யாரோ ஒரு மைத்துனனிடம் ஊரே ஏமாந்திருக்க வேண்டும்.

919-ல் ஒரு முறை விதி எழுதி, 921-ல் திருத்தி மறுபடி எழுதினார்கள். எனக்கு இதன் பெருமையே அந்த இரண்டு வருஷம்தான். போட்ட தளம் இறங்கியதும் மேலே மெழுகவில்லை, உடைத்துப் போட்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். இது நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் எந்தக் குடத்திலும் விழாது. இதை அப்படியே ஜனநாயகம் என்பது, கூடம் மட்டும் மட்டமாக இருந்தால் வீடே மட்டம் என்பது போல.

அடுத்த வாரம் வேறொரு மேஸ்திரி. இந்த முறை நான் பராந்தகன். இரண்டு பக்கம் எழுதினேன். பழைய தளத்தை உடைக்க வேண்டும், மண்ணை எத்தனை முறை இடிக்க வேண்டும், வாட்டம் எந்தப் பக்கம், இறங்கினால் யார் செலவு. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

'எல்லாம் சரி சார். நீங்க எந்தத் தேதியில எவ்ளோ குடுப்பீங்கன்னு ஒரு எடத்துலயும் எழுதலையே?'

எழுதிக் கொடுத்தேன்.