உடைந்த கலங்கள்: அடையாற்றுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு கபாலா வாசிப்பு

கபாலா என்றதும் நம்ம ஆட்களுக்கு மயிலாப்பூர்க் கபாலிதான் ஞாபகத்துக்கு வருவார். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எபிரேயத்தில் ‘பெற்றுக்கொள்ளல்’ என்று பொருள்படும் இச்சொல், ஆசானிடமிருந்து மாணவன் பெற்றுவந்த யூத மறைஞான மரபைக் குறிப்பது. இன்று இதைக் கற்கிறவர்களின் அனுபவக் குறிப்புகளில் ஒரே கதையாடல் திரும்பத் திரும்ப வருகிறது: கோபம் குறைந்தது, ஆசை அடங்கியது, உள்ளே வெளிச்சம் வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த வெளிச்சம் ஏன் தெருவுக்கு வருவதில்லை?

பிரதிக்குள் போய்ப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட ‘சோஹர்’, எல்லையற்ற ஒன்றிலிருந்து பத்து செஃபிரோத்துகள் வழியே உலகம் விரிவதைப் பேசுகிறது. மரமாக வரையப்படும் இந்தப் பத்துதான் எல்லோருக்கும் தெரிந்த கபாலா. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரத்து ஐசக் லூரியா (1534-1572) இதைத் தலைகீழாக்கினார். அந்த எல்லையற்றது தன்னைச் சுருக்கிக்கொண்டு இடம் விடுகிறது. பாய்ந்த ஒளியைத் தாங்காமல் கலங்கள் உடைகின்றன. பொறிகள் சிதறி ஓடுகளுக்குள் சிக்குகின்றன. அவற்றை மீட்டு உலகைச் செப்பனிடுவது மனிதர் வேலை. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட ஒரு சமூகத்தின் காயம் இதில் பேசுகிறது என்றார் கெர்ஷோம் ஷோலெம். பின்வந்த மோஷே ஐடெல் அதை மறுத்தார். விவாதம் எப்படியானாலும், கடவுளின் காரியத்திலேயே உடைசல் உண்டு என்று ஒப்புக்கொண்ட சிந்தனை இது என்பதை யாரும் மறுக்க முடியாது.

நம்ம ஊருக்கு இது வந்தது யூதர் மூலமாக அல்ல, அடையாறு மூலமாக. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. பிளாவட்ஸ்கியின் ‘இரகசியக் கோட்பாடு’ (1888) கபாலாவை, வேதாந்தத்தை, பௌத்தத்தை ஒரே பழைய ஞானத்தின் கிளைகளாக்கியது. அந்த நூலில் மூல இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவருகின்றன. உடைந்த கலம் பின்னுக்குப் போய், படிக்கட்டு முன்னுக்கு வந்தது. படிக்கட்டு என்றால் மேல்படி, கீழ்படி உண்டல்லவா? சேரிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது, முதலில் சுத்தம் பழகட்டும் என்று 1909இல் அன்னி பெசன்ட் எழுதினார். அம்பேத்கர் 1945இல் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். எல்லாம் ஒன்று என்றவர்களுக்கு ஒரு வகுப்பறை ஒன்றாக இருக்க முடியவில்லை.

அங்கிருந்து தெற்கே தாம்பரத்தில் இதற்கு நேரெதிரான வாசிப்பு. 1938 டிசம்பரில் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்காக நூலெழுதிய ஹென்ட்ரிக் கிரேமர், ஒவ்வொரு மதமும் பிரிக்கவியலாத முழுமை, ஒரு துண்டைப் பிய்த்து இன்னொன்றோடு ஒப்பிடலாகாது என்றார். அடையாற்றில் எல்லாம் கலந்துவிட்டது. தாம்பரத்தில் எதுவும் கலக்கக் கூடாது. இரண்டுமே பெரிய மனுஷங்க சண்டை. முழுமையைப் பற்றித்தான் இரண்டிலும் பேச்சு. உடைசலைப் பற்றி மூச்சில்லை.

உடைசல் தெரிந்தவர் வேறொருவர். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாற்றில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியிருந்தார். 1898இல் அவரைச் சந்தித்த அயோத்திதாசர், அவரோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கபாலாவை அவர் தேடிப் போகவில்லை, தேவையுமில்லை. தமிழ்ச் சொல்லிலும் பண்டிகையிலும் புதைந்துகிடந்த பௌத்தத்தைத் தோண்டினார். எள்ளெண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய பௌத்தப் பண்டிகையே தீபாவளி என்று திருப்பி வாசித்தார். அவர் சொன்ன சொல்லிலக்கணத்தோடும் வரலாற்றோடும் ஒருவர் சண்டை போடலாம். ஆனால் ஓடுகளை உடைத்துப் பொறி பொறுக்குகிற வேலை இதுதானே! லூரியாவை வாழ்க்கையில் பொருத்துவது என்றால் எப்படியிருக்கும் என்பதற்கு, லூரியாவைக் குறிப்பிடாத இந்த வாசிப்பே நல்ல உதாரணம்.

இன்றைய கபாலா வகுப்புகள் பலவும் யெஹூதா அஷ்லக்கின் (1885-1954) வழிவந்தவை. பெறும் ஆசையைக் கொடுக்கும் ஆசையாக மாற்றுவதே அவர் போதனை. அந்த அஷ்லக், கொடுத்தலின் மேல் எழுப்பிய பொதுவுடைமைச் சமூகத்தைக் கனவு கண்டவர். வகுப்பில் ஆசை மட்டும் மிஞ்சியது, பொதுவுடைமை எங்கேயோ உதிர்ந்துபோனது. எனவே மாணவரின் குறிப்பேட்டில் தியானக் கணக்கோடு இன்னொரு பக்கமும் வேண்டும்: நம் தெருவில் உடைந்திருப்பது எது, உடைத்தது யார், நான் எதைப் பெற்று யாருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்? அந்தப் பக்கம் காலியாக இருக்கும்வரை, பத்து செஃபிரோத்துகளையும் மனப்பாடமாக ஒப்பித்தாலும் அது ஏணி ஏறுகிற ஆசைதான், கபாலா ஆகாது.